பாலத்துச் சத்தம்

கண்டக்டர் அண்ணனின் குரல் நின்றுபோன பிறகுதான் அந்தக் கட்டடத்தில் வேறு என்னென்ன சத்தங்கள் இருக்கின்றன என்பதே மற்றவர்கள் காதில் விழ ஆரம்பித்தது. மாடித் தொட்டி நிறைந்து வழிவது, படிக்கட்டுக் கம்பி காற்றில் கிறீச்சிடுவது, கீழ்வீட்டுத் தையல் இயந்திரம் ஓடி ஓடி நிற்பது. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் அந்த மனிதர் பஸ்ஸை விட்டு இறங்கவேயில்லை. யாராவது படிக்கட்டில் நின்று பேசினால், "உள்ளே போங்க, உள்ளே போங்க, வழியில நிக்காதீங்க" என்பார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை விசிலடித்து அனுப்பி வைப்பார். இப்போது முன்னறைக் கட்டிலில், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்க, வலது கையும் காலும் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடக்க, ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மேல்வீட்டுக்காரி தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியோடு இறங்கி வருவாள். ஆற்றி, சிறு கரண்டியால் வாயின் நல்ல பக்கமாகப் புகட்டுவாள். அந்த நேரத்தில்தான் அவர் மனைவி, தையற்கார அக்கா, முகம் கழுவித் தலை வாரிக்கொள்வாள். பிறகு மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தபடி அவருடைய வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக அழுத்துவாள்.

"தெரியுதா?"

அவர் தலையை ஆட்டுவார்.

"இது?"

அதற்கும் ஆட்டுவார். அக்காவின் முகம் தெளியும். அன்றைக்கு முழுக்க இயந்திரத்தை மிதிக்க அந்தத் தலையாட்டல் போதும் அவளுக்கு.

அன்று காலையும் மழை விட்டபாடில்லை. அறைக்குள் கட்டிய கொடியில் துணிகள் காயாமல் ஒரு வாடையோடு தொங்கின. அக்கா ஒரு சட்டைத் துணியை எடுத்துக் காட்டினாள். சாம்பல் நிறம், கழுத்தும் உடம்பும் வெட்டியாகிவிட்டது, கைதான் பாக்கி.

"உன் வீட்டுக்காரருக்குத்தான். எத்தனை தடவை அளவு பாக்க வரச் சொல்லிட்டேன், வரவே மாட்டேங்கிறார். வெக்கப்படறாரா? அன்னைக்கு அந்த மழையில நனைஞ்சு அவர் லைனைச் சேக்காம இருந்தா, இன்னும் எத்தனை வீட்டுல இந்த மாதிரிக் கட்டில் போட்டிருப்பாங்களோ. மகராசன், நல்லா இருக்கட்டும்."

மேல்வீட்டுக்காரி பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போயிட்டு வா கண்ணு," என்றாள் அக்கா வாசல்வரை வந்து. யார் கிளம்பினாலும் அவள் அப்படித்தான். பால் போடுகிறவனைக்கூடப் போயிட்டு வாப்பா என்றுதான் அனுப்புவாள்.

மேல்வீட்டுக்காரியின் வேலை தொலைபேசி அலுவலகத்துக் கவனிப்பறையில். ஊருக்குள் போகிற தொலைபேசி, இணையம், ஆஸ்பத்திரி, தீயணைப்பு என எல்லாப் பேச்சும் தலைமுடி கனத்தில் இருக்கிற கண்ணாடி இழைகளுக்குள் வெளிச்சமாக ஓடுகிறது. அந்த இழைகள் எந்தக் குழியில் இறங்கி எந்தக் குழாயில் போகின்றன என்று கணினியில் ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தில் இருப்பதும் மண்ணுக்கடியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் அவளுக்குச் 'சரிபார்ப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "சரிபார்ப்பு டீ குடிச்சாச்சா?" என்பான் பக்கத்து நாற்காலிக்காரன். அவன் வாய் ஓயாது. அவனை எல்லோரும் வானொலி என்பார்கள்.

அவள் புருஷன் குழியில் இறங்குகிறவர். அறுந்த இழையை அறுந்த இழையோடு நுனி பொருத்தி உருக்கிச் சேர்க்கிற ஜாயிண்ட்காரர். அவர் மண்ணுக்கடியில், அவள் திரைக்கு முன்னால், இருவருக்கும் நடுவில் ஒரு கைபேசி. அதில் அவள் 'ரூம்', அவர் 'சைட்'. இழை அதுதானா என்று பார்க்க இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. குழியில் இருப்பவர் இழையை விரலால் லேசாக மடிப்பார். மடித்த இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் கசியும். அறையில் இருப்பவள் திரையில் அந்த இழையின் வெளிச்ச அளவு இறங்குவதைப் பார்ப்பாள்.

"ரூம், கேக்குதா? மடிக்கிறேன்."

"விழுந்துச்சு."

"விடறேன்."

"ஏறிச்சு."

அவ்வளவுதான். அவள் குழியின் பெயரைப் பதிந்து பச்சைக் குறி போடுவாள். வீட்டிலும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. குழந்தை அழுதால் அவர் குளியலறையிலிருந்து, "ரூம், கேக்குதா?" என்பார். இவள் அடுப்படியிலிருந்து, "கேக்குது, சைட்டுதான் வந்து தூக்கணும்," என்பாள்.

அந்த மடிப்பில் ஒரு குறை இருந்தது. இழை எது என்று அது சொல்லும். மடித்தவர் எந்தக் குழியில் நிற்கிறார் என்று சொல்லாது. அதற்குத் தூரம் அளக்கும் கருவி வேண்டும். இருந்த ஒரே கருவியும் மழை தொடங்கிய வாரத்தில் வேறு வட்டாரத்துக்குப் போயிருந்தது.

ஊருக்குள் நுழைய இரண்டு வழி. முதல் வழி ஆற்றுப்பாலத்தின் மேல். மாற்று வழி ஆற்றுக்கு அடியில், பழைய தெருப் பக்கமாக. ஒன்று அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பேச்சு முழுக்க மற்றதற்கு மாறிவிடும். அதனாலேயே இரண்டும் எந்த இடத்திலும் சேர்ந்து போகக் கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு மாற்று வழியைச் சரிபார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். சீக்கிரம் முடிங்க, பிள்ளைகிட்ட யாராவது ஒருத்தர் போகணும் என்று அவள்தான் அவரை விரட்டினாள்.

"பழைய தெருக் குழிதான். மடிக்கிறேன்," என்றது கைபேசி.

அளவு இறங்கியது. கூடவே அவர் குரலுக்குப் பின்னாலிருந்து இன்னொன்றும் கேட்டது. தட-தடக். கொஞ்சம் விட்டு மறுபடி, தட-தடக். வண்டியின் முன் சக்கரமும் பின் சக்கரமும் இரும்புப் பட்டையில் ஏறி இறங்குகிற சத்தம்.

"விழுந்துச்சு," என்றாள்.

பழைய தெரு என்று பதிந்தாள். பச்சைக் குறி போட்டாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சில வாரம் கழித்து ஒரு மதியம், பாலத்து நடைபாதையை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் குழாயைத் துளைத்துவிட்டார்கள். திரையில் முதல் வழி சிவந்தது. மாறிக்கும் என்றான் வானொலி. அவன் சொல்லி முடிக்கும் முன் மாற்று வழியும் சிவந்தது. இரண்டு சிவப்புக் கோடுகளையும் பார்த்துக்கொண்டு அறையே வாயடைத்துப் போனது. வாழ்நாளில் முதல் தடவையாக வானொலியும் பேசவில்லை.

அதே நேரத்தில் கீழ்வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் தட்டின் மேலேயே சரிந்தார். அக்கா அவசர எண்ணை அழுத்தினாள். அழுத்தி அழுத்திப் பார்த்தாள். போன் ஊமையாக இருந்தது. தெருவில் இறங்கி மழையில் ஓடி, காய்கறி இறக்கிக்கொண்டிருந்த ஒரு வண்டியை மறித்து, மூட்டைகளுக்கு நடுவில் அவரைப் போட்டுக்கொண்டு போனாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கையும் பேச்சும் மிஞ்சியிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். அதை அக்கா யாரிடமும் குற்றமாகச் சொல்லவில்லை. மழை, என்ன பண்றது என்றாள். இருட்டுவதற்குள் ஜாயிண்ட்காரர் இழைகளைச் சேர்த்துவிட்டார் என்பதுதான் கட்டடத்தில் பரவிய செய்தி.

இரண்டு வழியும் ஒன்றாக அறுந்தது எப்படி என்று தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் அவள் புருஷன் வேலையிலிருந்து வந்து, காலணியைக் கழற்றாமலே வாசலுக்கு உட்புறம் உட்கார்ந்தார். குழி மூடியைத் தூக்குகிற இரும்புக் கொக்கி பக்கத்தில் கிடந்தது. குழந்தை அதை இழுக்கப் பார்த்தது, தூக்க முடியவில்லை. அவள் முட்டையும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். மேலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். மாற்று வழிக் கேபிளை வெள்ளத்தின்போது ஒப்பந்தக்காரர்கள் தற்காலிகமாகப் பாலத்துக் குழாயில் நுழைத்திருக்கிறார்கள். அது எப்போது நடந்தது என்பதற்கு யாரிடமும் சாட்சி இல்லை. சரிபார்த்த பிறகுதான் மாற்றினார்கள் என்று சொல்லிவிட்டால் நம் அலுவலகத்துக்கும் நல்லது, உனக்கும் நல்லது என்றாராம்.

"உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க," என்றார். "கேட்டா என்ன சொல்லுவே?"

"நடந்ததைத்தானே கேப்பாங்க."

"நடந்தது என்ன? நான் பழைய தெருன்னு சொன்னேன். நீ எழுதினே."

"சொன்னீங்க."

"அப்புறம் என்ன?"

அவள் அடுப்பிலிருந்து திரும்பினாள். "ஏங்க, அந்த இரும்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுல பாலத்தடி வீட்டுலதானே இருந்தோம். ராத்திரி பூரா தட-தடக்னு. இந்தப் பிள்ளையே அந்தச் சத்தத்துல தூங்கிப் பழகினதுதானே. அங்கேருந்து வந்தப்புறம் அமைதியா இருக்குன்னு அழுதுச்சு."

அவர் குனிந்து காலணி வாரை அவிழ்த்தார். பிறகு, தணிந்த குரலில், பழைய தெருக் குழியில் கழுத்துவரை தண்ணீர் நின்றது என்றார். இறைக்கிற இயந்திரம் வரவில்லை. பாலத்துக் குழியில் பார்த்தால் அதே கேபிளின் ஜாயிண்ட் பெட்டி இருந்தது. கேபிள் இங்கே தொட்டுவிட்டுத் திரும்பிப் பழைய தெருவுக்குத்தான் போகும் என்று நினைத்தாராம்.

"அதே இழைதானேம்மா. எங்கே மடிச்சா என்னன்னு தோணிச்சு. நீதானே சீக்கிரம் சீக்கிரம்னு பறந்தே?"

"ஆமா. நான்தான் பறந்தேன். சத்தத்தைக் கேட்டும் கேக்காத மாதிரி விழுந்துச்சுன்னு சொன்னதும் நான்தான்."

"அப்போ ரெண்டு பேருமா போய்த் தலையைக் கொடுப்போமா? அதனால அந்த மனுஷன் எழுந்து நடந்துடுவாரா?"

"மாட்டார்."

"பின்னே?"

அவள் கேட்க நினைத்ததை அதுவரை கேட்காமலே இருந்தாள். இப்போது கேட்டாள். "இந்த மழையில வேற எங்கெல்லாம் இப்படி மடிச்சீங்க?"

அவர் கொக்கியைக் குழந்தையின் கையிலிருந்து மெல்ல விடுவித்தார்.

"எல்லாரும்தான் பண்றாங்க," என்றார். "தண்ணி நின்ன குழிக்கெல்லாம் பக்கத்துக் குழிதான்."

"அதுக்கெல்லாம் நான் பச்சை போட்டிருக்கேன்."

"போட்டிருக்கே."

முட்டைத் தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று ரொட்டியை வெறுமனே தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் கஞ்சியோடு இறங்கினாள். அக்கா வழக்கம்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ஆயிற்று. அதற்குள் தைக்கக் கொடுத்தவள் ஒருத்தி வாசலில் வந்து நின்று அவசரப்படுத்தவே, அக்கா அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, விரலைத் தொடாமல், பழக்கத்தில் தெரியுதா என்று கேட்டுவிட்டாள்.

அவர் தலையை ஆட்டினார்.

அக்கா அப்புறம்தான் விரலை அழுத்தினாள். மேல்வீட்டுக்காரி கரண்டியைப் பிடித்தபடி அவர் கண்ணைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். சொல்லிடாதே என்கிற பார்வை அது. பாதிக் கஞ்சி பாத்திரத்திலேயே இருக்க, நேரமாயிடுச்சுக்கா என்று எழுந்தாள். போயிட்டு வா கண்ணு என்ற குரல் படிக்கட்டு முழுக்க அவள் கூடவே வந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருந்த அம்மாளுக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் பேசினாள். மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முறைப்படிதான் எல்லாம் செய்திருக்கிறார்கள், பிற்பாடுதான் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அவரே பாதிக் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். இவள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"சரிபாத்த அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் பழைய தெருக் குழியில இருந்தார். அப்படித்தானேம்மா?" என்றாள் அந்த அம்மாள்.

மேல்வீட்டுக்காரி கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"இல்லைங்க. பாலத்துல இருந்தார்."

மேலாளர் வெந்நீர்க் குடுவையைப் பாதியில் நிறுத்தினார். அந்த அம்மாள் கைக்குட்டையை இறக்கினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அறையிலதானே இருந்தீங்க?"

"வண்டி போற சத்தம் கேட்டுச்சுங்க. பாலத்து இரும்புச் சத்தம். கேட்டுட்டுத்தான் பச்சை போட்டேன்."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும். அது ஒண்ணு மட்டும் இல்லை. மழையில தண்ணி நின்ன குழிக்கு நான் போட்ட பச்சை எதையும் நம்பாதீங்க. தண்ணி வடிஞ்சதும் கருவி வெச்சு எல்லாத்தையும் அளக்கணும்."

அந்த அம்மாள் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, இதனால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று ஒரு மனுஷி இன்னொரு மனுஷியைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். தெரியும் என்றாள் இவள். கவனிப்பறைக்குத் திரும்பியபோது அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். வானொலி எழுந்து அவளுடைய டீக் குவளையைக் கழுவிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

அவள் புருஷன் வெளியே சைக்கிள் கொட்டகையில், தகரத்திலிருந்து ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

கொக்கியைத் தோளிலிருந்து எடுத்தார். ஒருதரம் கையில் தூக்கி எடை பார்ப்பதுபோலப் பார்த்தார். உள்ளே போய் ஒப்படைத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். பாலத்தில் ஏறியபோது தட-தடக் என்றது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கி நடக்கும்போது, "நீ சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. நானும் கேட்டிருப்பேன்."

அவர் மாடிக்குப் போனார். அவள் கீழ்வீட்டு வாசலில் நின்றாள்.

அக்கா இயந்திரத்தில் குனிந்திருந்தாள். சாம்பல் நிறச் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். வா, வா, என்ன இன்னைக்கு சீக்கிரமே, உக்காரு என்றாள். இவள் உட்காரவில்லை. நின்றபடியே, மடிப்பு என்றால் என்ன, இரண்டு வழி எதற்கு, அன்று கைபேசியில் கேட்டது என்ன, போன் ஏன் ஊமையானது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். விசாரணையில் சொன்னதைவிட இங்கே சொல்வதற்கு நேரம் பிடித்தது. மழை காரணம் இல்லைக்கா, நாங்கதான் என்று முடித்தாள்.

இயந்திரத்தின் சக்கரத்தை அக்கா கையால் பிடித்து நிறுத்தியிருந்தாள். கட்டிலிலிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அவருக்கும் தெரியுமா இது? உன் வீட்டுக்காரருக்கு?"

"தெரியும்க்கா."

"அதான் அளவு பாக்க வரலையா."

அக்கா எழுந்து கட்டிலில் போய் உட்கார்ந்தாள். புருஷனுடைய வலது கையை எடுத்து மடியில் வைத்தாள். விரலைத் தொடவில்லை.

"தெரியுதா?" என்றாள்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"பாத்தியா? தொடாமலே ஆட்டுவார். முதல் நாள்லேருந்து எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. "நான் நொந்து போயிடுவேன்னு ஆட்டறார். அவர் நொந்து போயிடுவார்னு நானும் கேக்கறேன். எங்க வீட்டுப் பொய் எங்க வீட்டோட போச்சு. உங்க வீட்டுப் பொய் என் வீட்டுல வந்து படுத்திருக்கு, பாரு."

தையற்கார அக்கா இயந்திரத்துக்குத் திரும்பி வந்தாள். ஊசியடியில் நின்றிருந்த சட்டையைத் தடவி, மடிப்பை நேராக்கினாள்.

"வெட்டின துணி. வேற யாருக்கும் ஆகாது. தைச்சு மாட்டி வெக்கிறேன். யாரையாவது விட்டு எடுத்துக்கச் சொல்லு. அவர் வர வேணாம்."

"கஞ்சி நாளைக்கு..."

"நான் பாத்துக்கறேன்."

இவள் வாசல்வரை வந்தாள். அக்கா பின்னால் வரவில்லை.

"போ," என்றாள் இருந்த இடத்திலிருந்தே.

மேல்வீட்டுக்காரி முதல் படியில் கால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மிச்சச் சொல் வரும் என்று காத்திருந்தாள். மாடித் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. படிக்கட்டுக் கம்பி காற்றில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்தது.